தலைதீபாவளிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

அத்தியாயம் பதினேழு

குமரேசனைத் திட்டி வந்த கடிதங்கள் இந்த மாதம் மட்டும் ஒரு மஞ்சள் பை நிறையச் சேர்ந்துவிட்டன. எழுதிய சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பேனாவை மூடிவிடாதீர்கள். இன்றைக்கு அவர் செய்திருப்பதையும் படித்துவிட்டுச் சேர்த்தே எழுதலாம்.

நடுவில் சில வாரங்கள் விட்டுப்போனவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

ஆரணி கொசப்பாளையத்தில் பட்டுச்சேலை வியாபாரம் செய்கிறவர் குமரேசன். மனைவி உண்ணாமலை. பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் ஸ்வர்ணலதாவை ஆறு வருடத்துக்கு முன்னால் சக்கரவர்த்தி என்பவனுக்குக் கட்டிக் கொடுத்தார். அவன் தலைதீபாவளிக்கு ஒரு டி.வி. கேட்டான். பொங்கலுக்கு பைக் கேட்டான். அடுத்த வருடம் கடை வைக்கப் பணம் கேட்டான். இவர் கொடுப்பதை நிறுத்தியதும் அவன் கை நீட்ட ஆரம்பித்தான். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் ஸ்வர்ணா ஒரு பெட்டியோடு வீடு திரும்பினாள். இப்போது அப்பாவின் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடை குறிப்பது அவள்தான்.

இளையவள் ஹேமலதாவுக்கு இந்த வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அருணகிரி செய்யாரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று நிச்சயத்தன்றே சொன்னவர். உறவுக்காரர்கள் எல்லாரும் மெச்சினார்கள். குமரேசன் மட்டும் மெச்சவில்லை. எதுவும் வேண்டாம் என்கிறவன் எதையோ பெரிதாக மனதில் வைத்திருக்கிறான் என்பது அவர் கட்சி.

அப்புறம்தான் அந்தப் பட்டியல் வந்தது.

தலைதீபாவளிக்கு என்ன வேண்டும் என்று உண்ணாமலை போனில் மூன்று முறை கேட்டிருந்தாள். மூன்றாவது முறைக்குப் பிறகு, செய்யாரிலிருந்து திரும்பி வந்த பலகாரக் கூடையில் ஒரு தாள் இருந்தது. பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., ஹார்டு டிஸ்க், கேபினெட் என்று ஏழு வரிகள், அச்சடித்தவை. நான்காவது வரியான கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் மட்டும் கோடு. கடைசியில் பேனாவால், 'மானிட்டர் வேண்டாம். அருணகிரி.'

"டி.வி.ல ஆரம்பிச்சான் ஒருத்தன். இவன் கம்ப்யூட்டர்ல ஆரம்பிக்கறான்" என்றார் குமரேசன்.

ஸ்வர்ணாவை உறுத்தியது கடைசி வரிதான். "மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டரை வச்சிகினு இன்னாப்பா பண்ணுவாரு? படமே தெரியாதே."

"விக்கிறவனுக்குப் படம் எதுக்குமா தெரியணும்?"

குமரேசன் தாளை மடித்து ஜேபியில் வைத்தார்.

"கேட்டதை வாங்கிக் குடுப்போம். எடை போட்டுக் குடுப்போம். அதுல ஒரு துரும்பு குறைஞ்சிருந்தாலும், தீபாவளிக்கு வர்ற ஹேமா திரும்பிப் போகப்போறது இல்ல. ஒரு பொண்ணை லேட்டா கூட்டிகினு வந்தது போதும்."

இது வெறும் பேச்சு இல்லை என்பது ஸ்வர்ணாவுக்குத் தெரியும். அடி தெரிந்த பிறகும் அவளைக் கூட்டிவர ஆறு மாதம் தாமதித்ததற்காக அப்பா இன்னும் தன்னையே மன்னிக்கவில்லை என்பதும் தெரியும்.

*

வேலூரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஜோபினின் கடை மாடியில் இருந்தது. அப்பாவும் ஸ்வர்ணாவும் ஏறிப் போனார்கள். பட்டியலைப் படித்ததும் ஜோபினின் முகம் மலர்ந்துபோனது.

"இதை எழுதினவங்க விஷயம் தெரிஞ்சவங்க சார்."

"எப்படிச் சொல்றீங்க?" குமரேசனுக்கு உடனே சுருக்கென்றது. விஷயம் தெரிந்த மாப்பிள்ளை அவருக்கு இன்னும் ஆபத்தானவர்.

ஜோபின் இரண்டு மதர்போர்டுகளை எடுத்து வைத்தார். "இது பழைய ஏ.ஜி.பி. ஸ்லாட்டு. விலை கம்மி. ஆனா இப்பவே 2006 முடியப் போவுது, இனிமே இதுக்குப் புது கார்டு வராது. லிஸ்ட்ல பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்னு தெளிவா கேட்டிருக்காங்க."

"போர்டுலயே படம் தெரியும்னு இந்தப் பெட்டியில போட்டிருக்குதே. அப்புறம் தனியா ஒரு கார்டு எதுக்கு?"

"லெட்டர் அடிக்க, கணக்கு போட அது போதும் சார். கேம் ஆடினா திணறும். இது கேம் ஆடறதுக்குன்னே போட்ட லிஸ்ட்டு. பாருங்க, மத்ததுல எல்லாம் கையைக் கட்டிகினு, கார்டுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் மட்டும் தாராளமா எழுதியிருக்காங்க. கேபினெட்டோட வர்ற எஸ்.எம்.பி.எஸ். குடுக்கற கரண்டு இந்தக் கார்டுக்குப் பத்தாது. நானூத்தியம்பது வாட்ஸ் தனியாதான் போடணும்."

"கேமா?" குமரேசன் மகளைப் பார்த்தார். "இருபத்தெட்டு வயசு ஆம்பளை, ஷிஃப்டு முடிச்சி வந்து பொம்மை சுட்டுகினு இருப்பானா? நம்பற மாதிரியா இருக்குது?"

ஜோபின் மூன்று கார்டுகளைக் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தார். நடுவில் இருந்த பெட்டியில் 256 என்று கொட்டை எழுத்து. அதைத்தான் குமரேசன் எடுத்தார்.

"இல்ல சார், லிஸ்ட்ல இருக்கறது இந்த ஓரத்துது. நூத்தியிருபத்தெட்டு."

"பெருசு இருக்கறப்ப சின்னதைக் கேக்கறாரா? விலை?"

"சின்னதுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

குமரேசன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். பாதி அளவு, கூடுதல் விலை. அவருடைய சந்தேகத்துக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

"பெட்டியில பெரிய நம்பர் போட்டா விக்கும்னு போடறாங்க சார். உள்ள மெமரி பழைய மாடலு, மெதுவா ஓடும். இது நம்பர் சின்னது, ஓட்டம் ஜாஸ்தி. புதுசா வர்றவங்க எல்லாரும் அந்தப் பெருசைத்தான் வாங்கிகினு போய் ஏமாறுவாங்க."

ஸ்வர்ணாவுக்கு அது புரிந்தது. மின்னுகிற ஜரிகையில் வெள்ளி குறைவாக இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். "சின்னதே குடுங்க" என்றாள்.

குமரேசன் தோள்பையிலிருந்து தராசை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம், பேட்டரியில் ஓடுவது, ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டிவிடும். நெசவாளி வீட்டுக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் போகும். சேலையாகத் திரும்பும்போது எடை போட்டுத்தான் வாங்குவார்கள். முப்பது வருடமாக அந்த வேலையைச் செய்த கை, கம்ப்யூட்டர் சாமானையும் அப்படியே கேட்டது.

"பெட்டி, கவர் எல்லாத்தையும் கழட்டிட்டு வைங்க."

ஜோபின் தயங்கித் தயங்கி வைத்தார். ராம், ஹார்டு டிஸ்க், கார்டு. ஸ்வர்ணா நோட்டில் குறித்தாள். கிராபிக்ஸ் கார்டு, 186 கிராம்.

"கடை தொறந்த நாள்லேருந்து கார்டை நிறுத்துப் பாத்தவரு நீங்க ஒருத்தர்தான் சார்."

பில் போடும்போது, குமரேசன் படியில் இறங்கிப் போனபிறகு, ஜோபின் ஸ்வர்ணாவிடம் சாதாரணமாக ஒன்று சொன்னார். "போன மாசம் செய்யார்லேருந்து ஒரு பொண்ணு இதே லிஸ்டைப் பத்தி ரெண்டு மூணு வாட்டி போன் பண்ணி விசாரிச்சுது மேடம். பேரு கேட்டேன், சொல்லல. அவங்க உங்க சொந்தமா?"

"தெரியலீங்க" என்று ஸ்வர்ணா பில்லை வாங்கிக்கொண்டாள்.

செய்யார் கம்பெனிகளில் நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அதில் பெயர் சொல்லாத ஒருத்தி. மானிட்டர் வேண்டாத ஒரு கம்ப்யூட்டர். அப்படியானால் மானிட்டர் வேறொரு வீட்டில் இருக்கிறதா? சக்கரவர்த்திக்குக் கடை வைக்கக் கொடுத்த பணமும் இப்படித்தான் வேறொரு வீட்டுக்குப் போனது.

அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே ஹேமாவைக் கூட்டி வந்துவிடுவார். ஜோபின் எல்லாவற்றையும் பொருத்திச் செய்யாருக்கு அனுப்பி வைத்தார். பத்து நாள் ஸ்வர்ணா அந்தப் பெயரில்லாத பெண்ணை நெஞ்சில் வைத்துக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

இதுவரை பழைய கதை. இனி இன்று.

*

தீபாவளிக்கு இன்னும் நாலே நாள். தலைதீபாவளிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டும். உண்ணாமலை வெற்றிலை பாக்கு, பூ, பழம், பட்டு வேட்டி, பட்டுச்சேலை எல்லாம் எடுத்து வைத்தாள். கிளம்புகிற நேரத்தில் பின்வாங்கினாள்.

"எனக்கு முட்டி வலிக்குதுங்க. நீங்களும் ஸ்வர்ணாவும் போய்ட்டு வந்துடுங்க."

நேற்று வரை அதிரசத்துக்கு மாவு இடித்த முட்டி. ஸ்வர்ணா அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உண்ணாமலை அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

குமரேசன் தட்டுச் சாமான் பையின் அடியில் தராசை வைத்தார்.

"அப்பா, அழைக்கப் போற எடத்துக்கா?"

"நீ நோட்டை எடுத்துக்க. ஜல்தி, பஸ் போயிடும்."

செய்யாரில் அருணகிரியும் ஹேமாவும் இருந்தது இரண்டே அறை கொண்ட வாடகை வீடு. அருணகிரி வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார்.

"வாங்க மாமா. வாங்கண்ணி. அத்தை வரலீங்களா?"

"முட்டி வலின்னா" என்றார் குமரேசன். கண் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

கம்ப்யூட்டர் கூடத்து மேசையில் இருந்தது. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் காணோம். குடலெல்லாம் வெளியே தெரிய நின்றுகொண்டிருந்தது. உள்ளே பெரிய ஃபேன் ஒன்றை நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஜோபின் கடையில் அப்படி எதையும் பார்த்த ஞாபகம் ஸ்வர்ணாவுக்கு இல்லை. மேசையில் மானிட்டரும் இருந்தது. பழையது, பின்பக்கம் பெருத்தது.

ஹேமா காபி கொண்டுவந்தாள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தவள் அப்பாவின் பார்வை போகிற இடத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டாள்.

குமரேசன் காபியைத் தொடவில்லை. தட்டை எடுத்து வைத்தார். ஆனால் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார்.

"மாப்ள, நான் வாங்கிக் குடுத்த அந்தக் கார்டை ஒரு நிமிஷம் கழட்டிக் காட்டுறீங்களா?"

"எதுக்கு மாமா?"

"சும்மாதான்."

அருணகிரி மனைவியைப் பார்த்தார். பிறகு கேபினெட் முன்னால் குனிந்து, உள்ளே கையை விட்டு, ராமைப் பிடித்து அசைத்தார்.

"அது இல்லீங்க" என்றாள் ஹேமா தணிந்த குரலில்.

அருணகிரி கையை வேறு இடத்துக்கு மாற்றினார். அதுவும் இல்லை. ஏழு வரி எழுதிக் கையெழுத்துப் போட்ட மனிதருக்கு நான்காவது வரி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஸ்வர்ணா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சக்கரவர்த்தியும் இப்படித்தான், வாங்கித் தந்த பொருளைப் பற்றிக் கேட்டால் தடுமாறுவான்.

"நவுருங்க, நான் எடுக்கறேன்."

ஹேமா சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கினாள். கேபினெட் இரும்பை ஒரு தரம் தொட்டாள். ஃபேனைக் கட்டியிருந்த நூலின் ஒரு முனையை இழுக்க, முடிச்சு அப்படியே கழன்றது. ஒரு ஸ்க்ரூவைத் திருகினாள். ஸ்லாட்டின் ஓரத்தில் எதையோ விரலால் அழுத்திக் கார்டைத் தூக்கினாள். சோற்றுப் பானையை இறக்கி வைக்கிற மாதிரி சாதாரணமாக இருந்தது அது.

குமரேசன் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அவர் தராசை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

அருணகிரி தராசைப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது கழுத்து சிவந்தது.

கார்டை வாங்கி வைத்ததும் தராசு 155 காட்டியது.

"ஸ்வர்ணா, நோட்டுல எவ்ளோ?"

அவளுக்கு நோட்டைத் திறக்கவே தேவையில்லை. "நூத்தியெண்பத்தாறு."

"முப்பத்தியோரு கிராம் கம்மி" என்றார் குமரேசன். குரலை உயர்த்தவில்லை. நெசவாளியிடம் கேட்கும்போதும் அவர் குரலை உயர்த்துவதில்லை. "நல்லதை எங்க மாத்தினீங்க மாப்ள? வித்துட்டு மட்டத்தைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா எடை தெரியும்."

"மாமா..."

"ஒருத்தன்கிட்ட ஏமாந்துட்டேன். ரெண்டாவது வாட்டி ஏமாற மாட்டேன். ஹேமா, துணியை எடுத்து வை."

"அப்பா!"

ஸ்வர்ணா ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பத்து நாளாக அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது.

"வேலூர் கடைக்கு போன் பண்ணிச்சே ஒரு பொண்ணு. அது யாருங்க? பேரு கேட்டா சொல்லலியாம்."

அருணகிரி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஸ்வர்ணாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபம் இல்லை.

"நான்தான்க்கா" என்றாள் ஹேமா.

தெருவில் ஒரு பால்காரரின் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"போன் பண்ணது நான். லிஸ்ட் போட்டது நான். நூத்தியிருபத்தெட்டு போதும், மெமரி மட்டும் புதுசா இருக்கணும்னு எழுதினது நான். ஆடறதும் நான். அவருக்கு மௌஸைப் புடிக்கவே தெரியாது."

ஹேமா ஜன்னலில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்ன ஃபேன், அதன் பிளாஸ்டிக் மூடி, நாலு பொடி ஸ்க்ரூ.

"கார்டு மேல இருந்தது இது. நாலாம் நாளே கரகரன்னு சத்தம் போட்டு நின்னுபோச்சு. சுத்தலன்னா கார்டு சூடாகிக் கருகிடும். வாரண்டிக்குக் கொண்டு போனா ஜோபின் அண்ணன் உங்களுக்கு போன் பண்ணிடுவாரு. அதனால இதைக் கழட்டிட்டு, பெரிய ஃபேன் ஒண்ணைக் கட்டிவிட்டேன். கேபினெட் மூடியைப் போட்டா அது இடிக்குது, அதான் தொறந்தே வச்சிருக்கேன்."

டப்பாவில் இருந்ததையெல்லாம் அவள் தராசில் இருந்த கார்டுக்குப் பக்கத்திலேயே கொட்டினாள். எண் ஓடி நின்றது.

186.

கழன்று கிடந்த நூலை ஸ்வர்ணா கையில் எடுத்தாள். ஊடைப் பட்டு, நெசவில் குறுக்கே ஓடுகிற நூல், நாலு இழை சேர்த்தது. தறியில் நூல் கட்டும்போது, ஒரே இழுப்பில் அவிழும்படி போடுகிற முடிச்சு. சின்ன வயதில் அவளே தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது. அருணகிரியின் குடும்பம் களம்பூரில் ரைஸ்மில் வேலை பார்த்த குடும்பம், தறிப்பக்கமே போகாதவர்கள். உள்ளே வந்ததுமே ஸ்வர்ணா அந்த நூல்கட்டைப் பார்த்திருந்தாள். ஆனால் பார்த்தது ஒரு திருடனின் வேலையாக மட்டும்தான். அவளுக்குத் தன்மேல் அப்படியொரு வெறுப்பு வந்தது.

"மாப்ள பேர்ல ஏன் கேட்டே?" குமரேசனின் குரல் கம்மியிருந்தது.

"அவருதான் தன் பேர்ல கேக்கறேன்னாரு. நான் வேணாம்னேன். உனக்கு எது புடிக்கும்னு கேட்டாரு, சொன்னேன். அவ்ளோதாம்பா." ஹேமாவின் கண் நிறைந்துவிட்டது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. "அவரு கேட்டப்ப சந்தேகப்பட்டுகினே வாங்கிக் குடுத்தீங்க. நான் கேட்டிருந்தா சந்தேகம்கூடப் பட்டிருக்க மாட்டீங்க. பொட்டப் புள்ளைக்கு இன்னா வெளையாட்டுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பீங்க. காலேஜ் படிக்கறப்ப அப்படித்தானே முடிச்சீங்க?"

"வெளையாடி இன்னாமா ஆவப்போவுது?"

"ஒண்ணும் ஆவாது. எனக்குப் புடிக்கும். அவரு ஷிஃப்டுக்குப் போயிட்டா நான் கேம்ல கோட்டையைப் புடிச்சிகினு இருப்பேன். எனக்குப் புடிக்கும்பா."

பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருளைக் கேட்கலாம் என்பது ஸ்வர்ணாவுக்கு இத்தனை வருடத்தில் தோன்றியதே இல்லை. கேட்டு வாங்கித் தர ஒருவன் இருப்பான் என்பதும் தோன்றியதில்லை. தங்கைமேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைக்க அவள் நூலைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

அருணகிரி உள்ளறைக்குப் போனார். கம்பெனிச் சட்டை மாற்றிக்கொண்டு வரச் சற்று நேரமானது. வந்தவர் தராசின் மேலிருந்தவற்றைப் பொறுமையாக இறக்கி வைத்தார். தராசை அணைத்து, அதன் ரெக்ஸின் உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, இரண்டு கையாலும் மாமனாரிடம் நீட்டினார்.

"மறந்துடப் போறீங்க மாமா."

"மாப்ள, நான் வந்து..."

"ரெண்டாவது ஷிஃப்டு. கம்பெனி பஸ் வந்துடும். சாப்ட்டுட்டுப் போங்க. ஹேமா, அண்ணிக்கு மோர் குடு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மேசைமேல் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. பட்டு வேட்டியின் மடிப்புகூடக் கலையவில்லை. மாப்பிள்ளை தட்டைக் கையால் வாங்காவிட்டால் அது அழைத்ததாகக் கணக்கே இல்லை. ஆரணியில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும்.

கிளம்பும்போது குமரேசன் மகளிடம் கேட்டார், "வருவீங்க இல்ல?"

"அவரு சொன்னா வருவேன்" என்றாள் ஹேமா. துணியை எடுத்து வைக்கச் சொன்னதற்கு அவள் சொன்ன பதிலும் அதுதான்.

*

அப்பாவும் மகளும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரணி வந்து சேர்ந்தார்கள். வீட்டு வாசலில் உண்ணாமலை நின்றுகொண்டிருந்தாள்.

"மாப்ள தட்டு வாங்கிகினாரா?"

குமரேசன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"உங்களைத்தாங்க கேக்கறேன். தட்டு வாங்கிகினாரா?"

"அந்த மானிட்டரு நம்ம பரண்மேல இருந்ததுதானே? ஹேமா காலேஜுக்கு வாங்கினது. மூலையில அவ ஒட்டின ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருக்குது. பஸ் ஏறினப்புறம்தான் எனக்கு உறைச்சுது."

"ஆமா, நான்தான் அனுப்பினேன்" என்றாள் உண்ணாமலை. "அதையும் நிறுத்துப் பாக்கணுமா?"

அப்படியானால் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். முட்டி வலியும் அதனால்தான். வீட்டில் தராசோடு திரிந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார் குமரேசன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவர் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் திடீரென்று வயதானவராகத் தெரிந்தார். "தப்பு பண்ணிட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல். அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டு உண்ணாமலைக்கே பயமாகிவிட்டது.

மறுநாள் எடை போட எடுத்து வைப்பதற்காக, ஸ்வர்ணா அப்போதே தராசின் உறையைத் திறந்தாள். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது.

அருணகிரியின் கையெழுத்து. சட்டை மாற்ற ஏன் அவ்வளவு நேரமானது என்பது இப்போது புரிந்தது.

'1. மாமா மறுபடியும் வந்து அழைக்க வேண்டும்.

2. அத்தையும் கூட வர வேண்டும்.

3. தராசு வேண்டாம்.'

ஸ்வர்ணாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தவள், தாளின் கடைசி மடிப்பைப் பிரித்தாள். அங்கே நான்காவதாக ஒரு வரி இருந்தது. அதற்கு அடியில் மட்டும் கோடு.

'4. அண்ணியிடம் தனியாகப் பேச வேண்டும். சக்கரவர்த்தி போன வாரம் எங்கள் கம்பெனி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். ஹேமாவிடம் இன்னும் சொல்லவில்லை.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். நாலு வருடமாகக் காணாத மனிதனுக்கு அருணகிரியிடம் என்ன வேலை? அருணகிரி ஏன் ஹேமாவிடம்கூடச் சொல்லவில்லை? இந்த வீட்டில் யாரையும் இனிச் சந்தேகப்படுவதில்லை என்று பஸ்ஸில் எடுத்த முடிவு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

கடைசி மடிப்பை நகத்தால் கீறிக் கிழித்து, அந்தத் துண்டைக் கைக்குள் வைத்துக்கொண்டாள். மீதித் தாளை அப்பாவிடம் கொடுத்தாள்.

குமரேசன் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று வரிகளையும் படித்தார். முடித்ததும் எழுந்து, தராசை எடுத்துப் போய் பீரோ மேலே, கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

"உண்ணாமல, காலையில மொத பஸ்ஸுக்கு ரெடியாவு. முட்டி வலிக்குதுன்னு சொல்லாதே."

பிறகு பெரிய மகளிடம் திரும்பினார். "ஸ்வர்ணா, நீயும் வர்றியாமா? நீ கூட இருந்தா எனக்குப் பேச்சு வரும்."

கைக்குள் இருந்த துண்டை அவள் முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

"வர்றேம்பா" என்றாள் ஸ்வர்ணா.